பீப்பாய்க்குப் பின்னால் பூத்த ஜெரேனியம்

"முடிச்சாச்சு" என்றார் வில்ஃப். மூக்குக் கண்ணாடி முழுக்கப் பச்சைத் துணுக்குகள் தெறித்திருந்தன. "நீ சொன்ன மாதிரியே தரையோட தரையா வெட்டிட்டேன். ஒண்ணு விடல."

மியூரியல் டாப்ஸ்காட் வாசல் கதவைத் தாண்டி இன்னும் உள்ளே வரவில்லை. காலையிலிருந்து ஊர்க் கூடத்தில் நின்று கோப்பை கழுவி, மேசை விரித்து, யாருடைய கேக் முன்னால் நிற்க வேண்டும் என்பதில் இரண்டு பேரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்திருந்தாள். கால் கடுத்தது. அந்த 'ஒண்ணு விடல' மட்டும் காதில் நெருடியது.

"எதை ஒண்ணு விடல?"

"ஜெரேனியத்தை. காலைல சொல்லிட்டுத்தானே போன? பூத்து முடிஞ்ச ஜெரேனியத்தை வெட்டிடு, நாளைக்குத் தோட்டம் பாக்க ஜனங்க வரப்ப அசிங்கமா இருக்கும்னு."

"ஆமா, பூத்து முடிஞ்சதை. பாதையோரம் இருக்கே, கறுஞ்சிவப்பு, மே மாசமே பூத்து ஓஞ்சது. அதைச் சொன்னேன்."

"அதையும் வெட்டினேன்."

"அதையும்னா?"

வில்ஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நெடுங்காலம் குடித்தனம் செய்த மனிதர். மனைவி எந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டால் ஆபத்து என்று தெரிந்தவர்.

"சமையலறை ஜன்னலுக்குக் கீழ இருந்தது, வில்ஃப்?"

"அதுவும் ஜெரேனியம்தானே?"

மியூரியல் கேக் டப்பாவை அங்கேயே புல்லில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி அந்த ஊர் பார்த்து வெகு காலம் ஆயிற்று.

ஜன்னலுக்குக் கீழே, நேற்று வரை இடுப்புயரம் நின்ற புதர், பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவன் தலை மாதிரி இருந்தது. சுற்றிலும் வில்ஃப் அழகாகப் பெருக்கிவேறு வைத்திருந்தார்.

"வெட்டினது எங்க?"

"அரைச்சு எருக்குழில போட்டுட்டேன். நல்லா மக்கும்."

"ஒரு பூ? ஒரே ஒரு பூகூடவா மிஞ்சல?"

"மியூரியல், நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ? ஜெரேனியத்தை வெட்டப் பயப்படாதீங்க, வெட்டினாத்தான் திரும்பத் தழைச்சுப் பூக்கும்னு. வந்துரும் விடு."

"வரும். ஆகஸ்ட்ல வரும். பூவைப் பாக்க ரடாக் நாளைக்கு வராரு!"

வில்ஃப் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ரடாக்கை அவர் சுத்தமாக மறந்திருந்தார். அவர் தொப்பியின் விளிம்பில் ஓர் இதழ் ஒட்டியிருந்தது. பாலில் ஒரு சொட்டு மை கலந்தது போன்ற நீலம். அதில் திராட்சை நிறத்தில் நரம்புகள். மியூரியல் அதை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு செடியிலிருந்து அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அப்பர் பென்ஸ்லியில் யாரும் செடியைக் கடையில் வாங்குவதில்லை. வாங்கினாலும் வெளியே சொல்வதில்லை. செடி என்றால் வேலிக்கு மேலே கைமாற வேண்டும், ஈரச் செய்தித்தாளில் சுற்றி, "இது ஒண்ணும் பெருசில்ல, பிடிச்சா வையி, இல்லன்னா எருக்குழில போடு" என்ற வார்த்தையோடு வர வேண்டும். வாங்கிக்கொண்டவர்கள் அதன் பிறகு அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கொடுத்தவர் பெயரைச் சொல்வார்கள். தேவாலயச் சுவரோரம் நிற்கிற மஞ்சள் சாமந்தி 'ஹாரியட்'. ஹாரியட் செத்து, அவள் வீட்டை விற்று, வாங்கியவர்களும் போய்விட்டார்கள். செடி மட்டும் ஹாரியட்டாகவே பூத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் இறந்தும் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

மியூரியல் பெயரிலும் ஒன்று இருந்தது.

கல்யாணமாகி ஊருக்கு வந்த புதிது. தேவாலயத் தோட்டத்துக்குச் செடி வேண்டும் என்று கேட்டார்கள். ஆசையாக ஃபிளாக்ஸ் என்ற பூச்செடிப் புதர் ஒன்றைத் தோண்டிக் கொடுத்தாள். அதன் வேருக்குள் வெள்ளை நூல் மாதிரி இன்னொரு வேர் சுற்றிக்கொண்டிருந்தது. கிரவுண்ட் எல்டர் என்கிற களை. ஒரு விரற்கடை துண்டு மண்ணில் கிடந்தால் போதும், அடுத்த வசந்தத்தில் பாத்தி அதனுடையது. தேவாலயப் பாத்தியிலிருந்து ஊரே கிள்ளிக்கொண்டு போகும் பழக்கம். ஃபிளாக்ஸ் என்றோ செத்துவிட்டது. களை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது, கொடுத்தவர் பெயரோடு.

"என் ரோஜாப் பாத்தில மியூரியல் வந்துருச்சுப்பா" என்பார்கள் அஞ்சலக வரிசையில், மியூரியலுக்கு முன்னால் நின்றுகொண்டே. "போன வாரம் பூரா மியூரியலைப் பிடுங்கியே என் இடுப்பு போச்சு." "கொதிக்கிற தண்ணி ஊத்திப் பாத்தியா?" "ஊத்தினேன். மியூரியலாவது சாகறதாவது!" பிறகு திரும்பி, "அடடே, நீயா! உன்னைச் சொல்லல கண்ணு" என்பார்கள்.

அவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

இப்படி இருக்கையில்தான் சமையலறை ஜன்னலுக்குக் கீழே, கல் இடுக்கில், தானாக ஒரு ஜெரேனியம் முளைத்தது. சட்டியில் சிவப்பாகப் பூத்துப் பனி பட்டதும் அழுகுமே, அந்த ஜாதி இல்லை. அதை ஜெரேனியம் என்பவர்களோடு மியூரியல் பேசவே மாட்டாள். இது பனியில் மடிந்து, பூமிக்கு அடியில் காத்திருந்து, ஒவ்வொரு வசந்தத்திலும் தலைநீட்டுகிற ஜாதி. அந்த நிறத்தை அவள் எங்கும் பார்த்ததில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஜெரேனியமே தொழிலாக வைத்திருக்கிற நாற்றங்கால்காரர் ரடாக்கைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மாசத்துக்கு ஒரு அம்மா புது ஜெரேனியம்னு கூப்பிடறாங்க" என்றார் அவர். "போய்ப் பாத்தா எல்லாம் பழைய அம்மா, பழைய ஜெரேனியம். உங்க ஊர் திறந்த தோட்ட நாளன்னிக்கு வரேன். பூவோட பாக்கணும். புதுசுன்னு தோணினா ஒரு துண்டு எடுத்துப் பெருக்கறேன். பேர் நீங்க வெச்சுக்கலாம்."

பேர் அவள் ஏற்கெனவே வைத்துவிட்டாள். 'மியூரியல் டாப்ஸ்காட்.' குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் கழுவ மாடிக்குப் போன மியூரியல், குளியலறை ஜன்னலைத் திறந்தாள். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு டிலிஸ் புரோதரோவின் தோட்டம் முழுக்கத் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தினமும் பார்க்கிற தோட்டம். டிலிஸ் புல் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவள். வேல்ஸ்காரி, கணவன் போன பிறகு அவளுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் நடுவே யாரும் இல்லை. "ஊர்ல மியூரியல் இல்லாத ஒரே தோட்டம் என்னோடதுதான்" என்பது அவள் அறிமுகமே.

மழைநீர்ப் பீப்பாய்க்குப் பின்னால், சுவருக்கும் அதற்கும் நடுவே, வெளியிலிருந்து யார் வந்தாலும் தெரியாத இடத்தில் ஒரு நீலம் ஆடியது.

பாலில் மை கலந்த நீலம்.

"வில்ஃப்!"

"நான் எதையும் தொடல!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

டிலிஸ் கதவைத் திறந்தபோது மியூரியல் முகத்தில் சோப்பு இருந்தது.

"என்னடி இது கோலம்?"

"உன் பீப்பாய்க்குப் பின்னால என்ன இருக்கு டிலிஸ்?"

"சுவரு."

"சுவத்துக்கு முன்னால?"

"பீப்பாய்." டிலிஸ் கதவைக் கொஞ்சம் சாத்தினாள். "உள்ள ஸ்கோன் அடுப்புல இருக்கு. மத்தியானம் எல்லாருக்கும் தோட்டம் திறக்கறப்ப வா."

"அது என் ஜெரேனியம்."

"ஓ, அதுவா!" என்றாள் டிலிஸ், இப்போதுதான் ஞாபகம் வந்தவள் போல. "அது தானா முளைச்சது. உன் செடி விதையை எறிஞ்சிருக்கும். அந்தக் காய்தான் கொக்கு அலகு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குமே, காஞ்சதும் கவண்கல்லு மாதிரி விதையைச் சுண்டி விடும். நான் என்ன பண்ணட்டும், வேலில நின்னு பிடிச்சுத் திருப்பியா எறிய முடியும்?"

"விதைல வந்தா ஜாடை வரும்டி, அதே முகம் வராது. வேர்த் துண்டு எடுத்தாத்தான் அதே முகம் வரும். உனக்குத் தெரியாதா?"

"எனக்கென்ன தெரியும், நான் சாதாரணமா தோட்டம் போடறவ."

மியூரியல் சண்டை போடத்தான் வந்தாள். ஆனால் ரடாக் மதியம் வந்துவிடுவார். அவள் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை.

"டிலிஸ், கேளு. வில்ஃப் நேத்து என்னோடதை மொட்டை அடிச்சுட்டாரு. நாற்றங்கால்காரர் இன்னிக்கு அதைப் பாக்க வராரு. பூ இல்லாம அவரு எதையும் ஏத்துக்க மாட்டாரு. உன்னோடதை ஒரு சட்டில தூக்கி என் ஜன்னலுக்குக் கீழ வெச்சுக்கறேன். சாயங்காலம் திருப்பித் தந்துடறேன். எப்படி இங்க வந்துச்சுன்னு நான் கேக்கவே மாட்டேன்."

டிலிஸ் யோசித்தாள். மியூரியல் அந்த முகத்தில் ஏதோ விடிவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

"யாரு, அந்த ரடாக்கா? பேரு வெக்கறாரே, அவரா?"

"டிலிஸ்..."

"என் தோட்டத்துல தானா முளைச்ச செடிக்கு?" டிலிஸ் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை நீவிவிட்டாள். "'டிலிஸ் புரோதரோ'. காதுக்கு நல்லா இல்ல?"

"அது 'மியூரியல் டாப்ஸ்காட்'!"

"உன் பேர்லதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கேடி" என்று சொல்லிவிட்டு டிலிஸ் ஸ்கோனைப் பார்க்கப் போய்விட்டாள்.

மதியம் ஊர் நிரம்பியது. வருஷத்தில் அந்த ஒரு நாள் எல்லா வீட்டு வாசலும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் யார் தோட்டத்திலும் நுழைந்து, "அருமை" என்று உரக்கச் சொல்லி, "இதுக்கா இவ்வளவு பீத்திக்கிட்டா" என்று மெதுவாகச் சொல்லலாம். கைப்பைகள் பெரிதாக இருந்தன. குடை தேவையில்லாத வெயிலில் சில பேர் குடையோடு வந்திருந்தார்கள். விரித்துப் பிடித்த குடைக்குள் எத்தனை கிளை ஒடிந்து விழும் என்பது வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை. கண்ணெதிரே பிடிபடாத வரைக்கும் அது திருட்டில்லை.

ரடாக் வந்தார். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம்; பேன்ட் முழங்காலில் நிரந்தரமாக மண். சமையலறை ஜன்னலுக்குக் கீழே மொட்டையைப் பார்த்தார். மியூரியலைப் பார்த்தார். வில்ஃப் எருக்குழிப் பக்கம் நழுவினார்.

"பூ?" என்றார்.

மியூரியல் கைக்குட்டையைப் பிரித்து இதழை நீட்டினாள். இரவெல்லாம் தட்டில் தண்ணீர் விட்டு வைத்திருந்தும் ஓரம் சுருண்டுவிட்டது. ரடாக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நிறம் புதுசுதான். ஆனா ஒரு இதழை வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. அடுத்த வருஷம் கூப்பிடுங்க."

"அடுத்த வருஷம் வருவீங்களா?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் திரும்பினார். அதிலேயே பதில் இருந்தது.

"அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு?" வேலிக்கு அப்பாலிருந்து டிலிஸின் குரல், தேன் தடவிக்கொண்டு வந்தது. "மிஸ்டர் ரடாக்! இந்தப் பக்கம் வாங்க. ஸ்கோன் சூடா இருக்கு. அப்படியே ஒரு சின்ன ஜெரேனியத்தையும் பாத்துட்டுப் போங்க."

ரடாக் போனார். மியூரியல் பின்னாலேயே போனாள். ஏதோ நடக்கப்போகிறது என்று மோப்பம் பிடித்து ஊரில் பாதி வந்துவிட்டது. பாதிரியார் ரோவீனா ஒரு கையில் தேநீர், ஒரு கையில் கேக், அங்கியில் ஜாம் என்று முன்வரிசையில் நின்றார். பீப்பாய் காலையிலேயே நகர்த்தப்பட்டிருந்தது. புதர் வெயிலில் நீலமாக நின்றது.

ரடாக் குப்புறப் படுத்தார். அப்படியேதான். தரையில் வயிற்றை வைத்து, பூவுக்கு நேர் எதிரே மூக்கை வைத்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ ஸ்கோனை மென்றது மட்டும் கேட்டது.

"புதுசு" என்றார், தரையிலிருந்தே. "இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

மியூரியலுக்கு வந்தது சந்தோஷமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"தானா முளைச்சது" என்றாள் டிலிஸ்.

"பொய்! அது என் செடில பிய்ச்ச துண்டு" என்றாள் மியூரியல். "விதைல அதே முகம் வருமா, நீங்களே சொல்லுங்க மிஸ்டர் ரடாக்."

"வராது."

"பாத்தியா!"

"அபூர்வமா ஒண்ணு ரெண்டு வரலாம்" என்று சேர்த்துக்கொண்டார், நியாயமான மனிதர்.

"பாத்தியா!" என்றாள் டிலிஸ். "வரலாமாம்! என் மண்ணு அப்படி. என் மண்ணுல எதுவும் சுத்தமாத்தான் முளைக்கும். பாதிரியாரம்மா, நீங்களே சொல்லுங்க, என் தோட்டத்துல ஒரு களை பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல டிலிஸ்" என்றார் ரோவீனா. உண்மையை மறைக்கும் தொழில் அவருடையது இல்லை.

மியூரியல் இதழைக் கைக்குட்டையில் மறுபடி மடித்தாள். நியாயம் தன் பக்கம் இருப்பது தனக்கு மட்டும் தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வில்ஃப் கூட்டத்தில் எங்கேயோ பின்னால் நின்று, "அது அவளோடதுதான்" என்று சொல்வது கேட்டது. யாரும் திரும்பவில்லை. முந்தின நாள் அதை மொட்டை அடித்தவர் சாட்சி எடுபடுமா?

"சரி, எதுவானாலும் ஒரு துண்டு வேணும்" என்றார் ரடாக். "எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. பேரை மட்டும் மறந்துடாதீங்க. புரோதரோ. வேல்ஸ் பேரு."

ரடாக் எழுந்து, தோட்டக் கவையைப் புதருக்குப் பக்கத்தில் குத்தி, காலால் மிதித்து, பின்னால் சாய்த்தார். புதர் வேரோடு எழுந்தது. மண்ணை உதறி, இரண்டு கையாலும் பிடித்து ரொட்டி பிய்க்கிற மாதிரி பிளந்தார்.

நடுவில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

நூல் மாதிரி. நூல் அறுந்த இடத்தில் இன்னொரு நூல். அதன் நுனியில் சுருங்கிய ஒரு குருத்து, இப்போதுதான் உறக்கம் கலைந்தது போல.

முன்வரிசை ஓரடி பின்வாங்கியது. பாம்பைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு ஒற்றுமையாகப் பின்வாங்கியிருக்காது.

"டிலிஸ்" என்றார் பாதிரியார், சாவு வீட்டில் பேசும் குரலில். "உங்க தோட்டத்துலயா?"

"இல்ல."

"இருக்கே."

"அது... அது வேற ஏதோ வேரு."

ரடாக் நூலை மூக்கருகே கொண்டுபோனார். "கிரவுண்ட் எல்டர்" என்றார் இரக்கமில்லாமல். "நல்லா ஓடியிருக்கு. ரொம்ப நாளா இருக்கும்போல, உங்க மண்ணுல."

உங்க மண்ணுல என்ற சொல் விழுந்த இடத்தில் டிலிஸின் முகம் வெளுத்தது. மியூரியல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலைக்குள் தராசு ஆடுவது வெளியே தெரிந்தது. ஒரு தட்டில் புது ஜெரேனியம், வேல்ஸ் பேர், என்றென்றும் பூக்கிற புகழ். இன்னொரு தட்டில் ஒரு வெள்ளை நூல். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தன் மண்ணில், தானாக.

"என் மண்ணுல இல்ல!" என்று கத்தினாள் டிலிஸ். "நான் திருடினேன்!"

கூட்டத்தில் ஒரு கோப்பை தட்டில் கடகடத்தது.

"ஆமா, திருடினேன்! அவ தோட்டத்துலேர்ந்து தோண்டி எடுத்தேன்! இந்தச் சனியன் அவ வீட்டுலேர்ந்து வந்தது, வேரோட சுத்திக்கிட்டு வந்திருக்கு! என் வீட்டுல பொறந்தது இல்ல! எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் திருடி, என் தோட்டம் சுத்தம்!"

"எப்படி எடுத்த?" என்றாள் மியூரியல்.

"நீங்க ரெண்டு பேரும் கார்ன்வால் போனப்ப தண்ணி ஊத்தச் சொன்னியே, அப்ப."

"தண்ணி ஊத்தத்தானேடி சொன்னேன்? தோண்டவா சொன்னேன்?"

"தண்ணி ஊத்தினா மண்ணு இளகுச்சு" என்றாள் டிலிஸ்.

ஊரார் தலையசைத்தார்கள். அது எல்லாருக்கும் புரிகிற விஷயம். திருட்டுக்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. குடைக்காரர்கள் மட்டும் குடையை மெல்ல மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். டிலிஸ் நினைத்தபடியே அவள் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. மியூரியலுக்கு வந்தது வேறு யோசனை. தன்னை இத்தனை வருஷம் அஞ்சலக வரிசையில் தலைகுனிய வைத்த அந்த வெள்ளை நூலை அவள் முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். அது அவளை விட்டு எங்கே போனாலும் எங்கிருந்து வந்தது என்பதை மறக்கவில்லை.

ரடாக் முழங்காலைத் தட்டினார். தட்டிப் பிரயோசனமில்லை. "அப்ப பேரு?"

எத்தனையோ தடவை குளியலறையில் சொல்லிப் பார்த்த பேர்தான்.

"மியூரியல்" என்றாள். "மியூரியல் டாப்ஸ்காட்."

"நான் வெட்டலன்னா இதெல்லாம் வெளிய வந்திருக்குமா?" என்றார் வில்ஃப், எல்லாரும் கேட்கும்படி.

"நீ பேசாதே வில்ஃப்."

ரடாக் அந்தத் துண்டை டிலிஸ் வீட்டுக் குழாயடியில் வேர் எலும்பு தெரிகிற வரைக்கும் கழுவினார். பிறகு இன்னொரு தடவை கழுவினார். கழுவிய தண்ணீர் எந்தப் பாத்திக்கு ஓடுகிறது என்று டிலிஸ் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ரடாக் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஒரு துண்டு பல துண்டாக வேண்டும், பல துண்டு சட்டிகளாக வேண்டும். ஒரு ஜூன் மாதம், திறந்த தோட்ட நாளன்று, ஊர்க் கூடத்துச் செடி மேசையில் வரிசையாக வந்து நின்றது, ஒவ்வொரு சட்டியிலும் பெயர்ச் சீட்டோடு. மேசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டிலிஸுடையது. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று மியூரியல் கேட்கவில்லை.

காலையிலிருந்து அப்பர் பென்ஸ்லிக்காரர் ஒருவர்கூட அந்தச் சட்டியைத் தொடவில்லை.

"அழகாத்தான் இருக்கு" என்றார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. சீட்டைப் படித்தார்கள். "மியூரியலா? வேண்டாம்மா. வீட்டுல ஏற்கெனவே நிறைய இருக்கு."

"இது அது இல்ல, பூ!" என்று டிலிஸ் மல்லுக்கு நின்றாள். "நானே ஒவ்வொரு வேரையும் கழுவிப் பாத்துட்டேன். எடுத்துட்டுப் போ. ஏய், மிஸஸ் ஹக்கின்ஸ், எங்க நழுவற? நான் சொல்றேன், மியூரியல்ல மியூரியல் இல்ல!"

ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கேக் மேசைக்குப் பின்னால் நின்ற மியூரியலிடம் வந்தாள்.

"நீங்கதான் அந்த மியூரியல் டாப்ஸ்காட்டா? உயிரோட இருக்கீங்களா! பூவுக்குப் பேர் வெச்சாங்கன்னா யாரோ எப்பவோ செத்தவங்கன்னு நினைச்சேன்."

"இன்னும் இல்ல" என்றாள் மியூரியல். முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கேக்கில் இரண்டு மடங்கு பெரிய துண்டாக வெட்டித் தந்தாள்.

அப்போதுதான் பாதிரியார் ரோவீனா வந்து மூச்சுவாங்க நாற்காலியில் விழுந்தார். நகக்கண்ணெல்லாம் மண். வெகு பாடுபட்டுத் தார்ப்பாய் போட்டு மூடி, பாதிரியார் இல்லத் தோட்டத்தில் அந்தக் களையைப் பூண்டோடு ஒழித்தவர் அவர். சென்ற இலையுதிர் காலத்தில் டிலிஸ் ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த ஒரு பியோனிப் பூச்செடியைத் தவிர வேறு எதையும் அந்த மண்ணில் அவர் அனுமதித்ததில்லை.

"என்ன ஆச்சு பாதிரியாரம்மா?"

"போச்சு மியூரியல்" என்றார் ரோவீனா. "பியோனிப் பாத்தி பூரா. வெள்ளை வெள்ளையா. என் தோட்டத்துல டிலிஸ் வந்துருச்சு."

செடி மேசையில் டிலிஸின் குரல் சட்டென்று நின்றது.

மியூரியல் கத்தியைக் கீழே வைத்தாள். அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. அது டிலிஸோடது இல்லை, என்னோடதுதான் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் போகிறாள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

"முதல்ல டீயைக் குடிங்க பாதிரியாரம்மா" என்றாள். "ஆறிடப் போகுது."